கால்குலேட்டர் வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதுமா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையை முடித்துவிட்டு ஆற அமர உட்கார்ந்து படியுங்கள். வீட்டில் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

பாலிடெக்னிக், இன்ஜினியரிங் சேர்க்கை நடக்கிற நேரம் இது. பத்து நாளாக எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே கேள்விதான். "சார், பையனுக்கு சயின்டிபிக் கால்குலேட்டர் வாங்கணுமாம், எது வாங்கலாம்?" அருப்புக்கோட்டையில் எந்தக் கடையில் கிடைக்கும், மதுரையில் வாங்கினால் விலை குறையுமா, எஃப்எக்ஸ்-991 எம்எஸ் நல்லதா, இஎஸ் பிளஸ் நல்லதா என்று எல்லாம் கேட்கிறீர்கள். "அதை எப்படி அடிக்கிறது, யார் சொல்லிக்கொடுப்பா?" என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவள் என் தங்கச்சி பேத்தி ஒருத்திதான். "தாத்தா, இதுல இருக்கிற பொத்தான்ல பாதிக்கு அர்த்தம் தெரியலையே" என்றாள். அவள் கேட்டதுதான் சரியான கேள்வி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சயின்டிபிக் கால்குலேட்டரை இயக்கும் முறையை நம் அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பிலேயே பாடமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தேர்வில் அனுமதிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தேர்வு இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும். ஆனால் கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன்னால் அந்தக் கருவி பிள்ளையின் கைக்குப் பழகியிருக்க வேண்டும்.

இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். பத்தாம் வகுப்புக் கணிதப் பொதுத் தேர்வுக்குக் கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது. மேல்நிலையில் இயற்பியல், வேதியியல் கணக்குக்கு மடக்கை அட்டவணை பார்க்கிறோம். ஆக, பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் அந்தக் கருவிக்கு வேலையே இல்லை. தேர்வில் வராதது வகுப்பில் வராது; இது நம் பள்ளிகளில் எழுதாத சட்டம். பிள்ளை கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் "எல்லாரும் கால்குலேட்டர் எடுங்க" என்கிறார்கள். அங்கே உள்ளவர்கள் இது பள்ளியிலேயே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். பள்ளியில் உள்ளவர்கள் இதைக் கல்லூரியில் சொல்லிக்கொடுப்பார்கள் என்று நினைக்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொள்வது பிள்ளை.

டவுனில் படித்த அப்பா, இன்ஜினியரிங் படித்த அண்ணன் இருக்கிற வீட்டில் இது பெரிய விஷயமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கம் நம் கதை அப்படியா? கரிமூட்டம் போடுகிற வீடு, மில்லுக்குப் போகிற வீடு, தறி ஓட்டுகிற வீடு, கண்மாய் பெருகினால் நெல், இல்லாவிட்டால் சோளமும் பருத்தியும் என்று வானத்தைப் பார்த்து விதைக்கிற வீடு. அங்கே கல்லூரிக்குப் போகிற முதல் ஆள் அந்தப் பிள்ளைதான். கேட்க ஆளில்லை. கேட்கவும் கூச்சம்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. 2021-இல் இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் என்று தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்கிற பிள்ளைகளுக்குக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இதனால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய கதவு திறந்திருக்கிறது. பிளஸ் டூ தேர்ச்சியில் விருதுநகர் மாவட்டம் பல வருடம் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் என்பதும் உங்களுக்குத் தெரியும். மார்க்கு வாங்கத் தெரிகிறது, சீட்டும் கிடைக்கிறது. உள்ளே போனதும் ஒரு சின்னப் பொத்தானில் தடுக்கி விழுகிறார்கள் என்றால் அது யார் குறை?

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்த ஒரு பையன். ஊர் பெயரும் கல்லூரி பெயரும் வேண்டாம். முதல் பருவத்தில் உள்தேர்வு நடந்திருக்கிறது. முக்கோணவியல் கணக்கு எல்லாம் வழிமுறை சரி, விடை மட்டும் தப்பு. ஒன்று இரண்டு அல்ல, எல்லாமே. தாளைக் கொடுத்தவர், "இதுகூடத் தெரியாம எதுக்கு இங்க வந்த?" என்று அறுபது பேர் முன்னால் கேட்டிருக்கிறார். பையன் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டான். "எனக்கு மண்டையில ஏறல சார், மில்லுக்கே போறேன்" என்றான். அவன் கருவியை வாங்கிப் பார்த்தேன். மேலே சின்னதாக "ஆர்" என்று இருந்தது. அதை "டி"க்கு மாற்றி அதே கணக்கை அவனையே போடச் சொன்னேன். எல்லாம் சரியாக வந்தது. இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்துக்கு ஆளில்லாமல் ஒரு படிப்பு நின்றுபோக இருந்தது. அவன் திரும்பப் போய், முடித்து, இன்றைக்கு வேலையில் இருக்கிறான். இதைப் படித்துக்கொண்டிருப்பான். உன் பெயரைச் சொல்லவில்லை தம்பி, கவலைப்படாதே.

சரி, பாடத்துக்கு வருவோம். கையில் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். கருவி இல்லாதவர்கள் போனில் உள்ள கால்குலேட்டரைத் திறந்து போனைப் படுக்கவாட்டில் திருப்புங்கள். பல போன்களில் சைன், காஸ் எல்லாம் வந்துவிடும்.

ஒன்று. கோண அளவு. எந்தக் கணக்கையும் தொடங்குமுன் சைன் 30 அடித்துப் பாருங்கள். 0.5 வந்தால் கருவி பாகையில் இருக்கிறது. −0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது. 0.4539 வந்தால் கிரேடியனில் இருக்கிறது. திரையில் டி, ஆர், ஜி என்று ஆங்கில எழுத்தில் இதைத்தான் காட்டும். எம்எஸ் மாடலில் 'மோட்' பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் டெக், ராட், கிரா என்று மூன்றும் வரும். 1 அழுத்தினால் பாகை. இஎஸ் பிளஸ் மாடலில் ஷிப்ட், மோட், பிறகு 3. கருவி ரொம்பக் குழம்பிக் கிடந்தால் மொத்தத்தையும் அழித்துப் புதிதாகத் தொடங்கலாம்: எம்எஸ் என்றால் ஷிப்ட், மோட், 3, சமக்குறி. இஎஸ் பிளஸ் என்றால் ஷிப்ட், 9, 3, சமக்குறி. பரீட்சைக்குப் போய் உட்கார்ந்ததும் பேனா மூடியைத் திறப்பதற்கு முன்னால் சைன் 30. இதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு. அடைப்புக்குறி. 120-ஐ 4 × 5 ஆல் வகுக்க வேண்டும். விடை 6. ஆனால் 120 ÷ 4 × 5 என்று அடித்தால் 150 வரும். கருவி தப்புப் பண்ணவில்லை; இடமிருந்து வலமாக நாம் சொன்னபடி செய்தது. கோட்டுக்குக் கீழே ஒன்றுக்கு மேல் எண் இருந்தால் அடைப்புக்குள் போடுங்கள்: 120 ÷ (4 × 5). அதுபோல 6 ÷ 2(1 + 2) என்று ஒரு கணக்கு வாட்ஸ்அப்பில் சுற்றும், பார்த்திருப்பீர்கள். சில கருவி 1 என்னும், சில கருவி 9 என்னும். சண்டை போடாதீர்கள். எழுதினவர் அடைப்புக்குறி போடாமல் விட்டதுதான் தப்பு.

மூன்று. குறைக்குறி. −3-க்கு வர்க்கம் 9 என்று நமக்குத் தெரியும். அடைப்பில்லாமல் அடித்தால் கருவி −9 என்னும். அது முதலில் 3-ஐ வர்க்கமாக்கிவிட்டுப் பிறகு குறைக்குறி போடுகிறது. (−3) என்று அடைப்புக்குள் அடித்துப் பிறகு வர்க்கம் எடுங்கள்.

நான்கு. பத்தின் அடுக்கு. அவகாட்ரோ எண் 6.022 × 10²³. இதற்கு 6.022, எக்ஸ்ப், 23 என்று அடித்தால் போதும். 'எக்ஸ்ப்' என்ற பொத்தானே "பெருக்கல் பத்தின் அடுக்கு" என்று பொருள். பிள்ளைகள் 6.022 × 10 எக்ஸ்ப் 23 என்று அடிக்கிறார்கள். விடை பத்து மடங்கு ஏறிவிடுகிறது. விடையைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். 1 ÷ 200 என்று அடித்தால் சில கருவியில் 0.005 வராது, 5 எழுதி அதன் பக்கத்தில் −03 காட்டும். அது 5 × 10⁻³. அதை "ஐந்தின் அடுக்கு மைனஸ் மூன்று" என்று தாளில் எழுதுகிற பிள்ளைகள் உண்டு.

ஐந்து. தலைகீழும் எதிர்மாறும் ஒன்றல்ல. ஷிப்ட் அழுத்தி, சைன் அழுத்தி, 0.5 கொடுத்தால் 30 வரும். எந்தக் கோணத்துக்கு சைன் 0.5 என்று கேட்கிறோம். சைன் 30-ஐ அடைப்பில் போட்டு −1 அடுக்கு எடுத்தால் 2 வரும். அது 1 கீழ் 0.5. எழுத்தில் இரண்டுக்கும் −1 என்றே போடுவதால்தான் இந்தக் குழப்பம். அதேபோல 'லாக்' வேறு, 'எல்என்' வேறு. 100-க்கு லாக் 2, எல்என் 4.605.

ஆறு. பாகையும் நிமிடமும். 35 பாகை 30 நிமிடம் என்பது 35.30 அல்ல, 35.5. இதற்கென்றே பாகைக் குறி போட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. 35, அந்தப் பொத்தான், 30, மறுபடி அந்தப் பொத்தான். மணி, நிமிடம் கூட்டவும் இதே பொத்தான் உதவும்.

ஏழு. நடுவில் வரும் விடையைத் தாளில் சுருக்கி எழுதி மறுபடி அடிக்காதீர்கள். 1 ÷ 3 அடித்து, அப்படியே × 3 அடித்தால் 1 வரும். 0.33 என்று எழுதி வைத்து அதை 3-ஆல் பெருக்கினால் 0.99 வரும். 'ஆன்ஸ்' பொத்தான் கடைசி விடையைப் பிடித்து வைத்திருக்கும். 'எஸ்டிஓ' என்பது சேமிக்க, 'ஆர்சிஎல்' என்பது திரும்ப எடுக்க. இந்த மூன்றும் பழகிவிட்டால் பாதி எழுத்து வேலை மிச்சம்.

இவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பில் நான்கு பீரியட் போதும்.

இந்த இடத்தில் என் வயதுக்கார ஆசிரியர் நண்பர்கள் மறுப்புச் சொல்வார்கள் என்று தெரியும். நேற்று டீக்கடையிலேயே ஒருவர் சொல்லிவிட்டார். "கால்குலேட்டரைக் கையில கொடுத்தா வாய்ப்பாடு போச்சு. நாம அரைக்கால், மாகாணி எல்லாம் மனப்பாடமாச் சொன்னவங்க."

வாய்ப்பாடு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? வாய்ப்பாடு இல்லாதவன் கையில் கால்குலேட்டர் இருந்து என்ன பிரயோஜனம்? 48 × 52 அடித்து 24960 வந்தால், "ஐம்பதை ஐம்பதால பெருக்கினா இரண்டாயிரத்து ஐநூறு, இது பத்து மடங்கு கூட இருக்கே, எங்கேயோ பூஜ்ஜியம் கூட விழுந்திருக்கு" என்று சொல்ல மண்டைக்குள் கணக்கு வேண்டும். முதலில் உத்தேசம், அப்புறம் பொத்தான். இந்த வரிசையைச் சொல்லிக்கொடுப்பதுதான் வாத்தியார் வேலை. ஆறாம் ஏழாம் வகுப்பில் கருவியைக் கொடுக்காதீர்கள். நானும் கூடாது என்றே சொல்வேன். ஒன்பதில் முக்கோணவியல் வருகிறது. அங்கே சைன் 37 என்ன என்று எவனும் வாயால் சொல்ல முடியாது. அட்டவணையைப் பார்த்துத்தான் சொல்கிறோம். அட்டவணையைப் பார்ப்பது கணக்கு, பொத்தானை அழுத்துவது சோம்பேறித்தனம் என்றால் அதில் என்ன நியாயம்?

யோசித்தால் அட்டவணையும் ஒரு கருவிதான். ஆரியபட்டர் கி.பி. 499-லேயே 24 எண்களில் சைன் அட்டவணை கொடுத்துவிட்டார். அவர் வைத்த பெயர் 'ஜ்யா', அதாவது வில்லின் நாண். அது அரபிக்குப் போய், அங்கிருந்து லத்தீனுக்குப் போய், பொருள் மாறி 'சைனஸ்' ஆகி, 'சைன்' என்று நம் கருவிப் பொத்தானுக்குத் திரும்பி வந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். அந்தப் பொத்தான் மேல் ஒரு பாசம் வரும்.

நம் தமிழ்நாட்டுக் கதை ஒன்றும் இருக்கிறது. ஜான் வாரன் என்பவர் 1825-இல் சென்னையில் 'காலசங்கலிதம்' என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் அந்த வருட மே 31, ஜூன் 1 இரவில் வந்த சந்திர கிரகணத்தை எப்படிக் கணித்தார் என்பதை அவர் பதிவு செய்திருக்கிறார். தரையில் சோழிகளைப் பரப்பி வைத்து, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து, காகிதத்தில் ஒன்றும் எழுதாமல் கணக்குப் போட்டிருக்கிறார். கிரகணத்தின் தொடக்கத்தில் நான்கு நிமிடம்தான் வித்தியாசம். நடுவிலும் முடிவிலும் பிழை அதைவிடக் கூடுதல். அவரிடம் சோழி ஒரு கருவி, வாக்கியம் ஒரு அட்டவணை. அவர் அதைக் குருவிடம் உட்கார்ந்து வருடக்கணக்காகப் பழகினார். சோழியை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு "போய்க் கணி" என்று அவருடைய குரு அனுப்பவில்லை.

நேப்பியர் மடக்கையை வெளியிட்டது 1614. பிரிக்ஸ் பத்தை அடிமானமாக வைத்து அட்டவணை போட்டது 1617. அதிலிருந்து முந்நூற்றைம்பது வருடம் உலகமே மடக்கைப் புத்தகத்தை வைத்துத்தான் கப்பல் ஓட்டியது, பாலம் கட்டியது. நமக்கும் கிளார்க் டேபிள் இல்லாமல் வண்டி ஓடவில்லை. 1972-இல் ஹியூலெட்-பக்கார்ட் கம்பெனி ஹெச்பி-35 என்ற கையடக்கக் கருவியைக் கொண்டுவந்தது. சட்டைப் பைக்குள் போகிற அளவில் வேண்டும் என்று முதலாளி ஹியூலெட் கேட்டாராம். 35 பொத்தான் இருந்ததால் அந்தப் பெயர். விலை 395 டாலர். இன்றைக்கு அதைவிடக் கூடுதல் வேலை செய்கிற கருவி நமக்குச் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது.

அந்த முதல் கருவியிலேயே ஒரு பிழை இருந்தது. 2.02-க்கு எல்என் எடுத்து, அந்த விடையைத் திரும்ப 'ஈ' அடுக்கில் போட்டால் 2.02 வர வேண்டும். அது 2 என்று காட்டியது. விற்ற பிறகு கண்டுபிடித்து, கம்பெனி மாற்றிக் கொடுத்தது. எண்ணைப் போட்டுப் பார்த்து, "இது இப்படி வரக்கூடாதே" என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் அது வெளியே வந்தது. மனக்கணக்கும் வேண்டும், கருவியும் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

"சரி சார், கல்லூரிக்குப் போகிறவனுக்கு வேணும். விவசாயம் பார்க்கிறவனுக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். அவனுக்குத்தான் முதலில் வேண்டும் என்பேன். இரண்டு கணக்கு காட்டுகிறேன்.

நிலக் கணக்கு. கோணல்மாணலாக நான்கு பக்கம் உள்ள ஒரு துண்டு. வரிசையாகப் பக்கங்கள் 130 அடி, 140 அடி, 90 அடி, 120 அடி. நம் பக்கத்தில் எப்படிக் கணக்குப் போடுவார்கள்? எதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்குவார்கள். 130-ம் 90-ம் கூட்டிப் பாதி 110. 140-ம் 120-ம் கூட்டிப் பாதி 130. பெருக்கினால் 14,300 சதுர அடி. சென்ட் 435.6 சதுர அடி, ஆக 32.83 சென்ட்.

இப்போது சரியாகப் போடுவோம். ஒரு குறுக்குக் கோடு அளக்க வேண்டும். 130-ம் 140-ம் ஒரு பக்கம், 90-ம் 120-ம் மறுபக்கம் இருக்கிற மாதிரி குறுக்கே அளந்தால் 150 அடி என்று வைத்துக்கொள்வோம். இப்போது இரண்டு முக்கோணம். முதலாவதில் பக்கங்களைக் கூட்டிப் பாதி 210. கருவியில் வர்க்கமூலம் அழுத்தி, அடைப்புக்குள் 210 × (210 − 130) × (210 − 140) × (210 − 150). விடை 8,400. இரண்டாவது 90, 120, 150. அது செங்கோண முக்கோணம், 90 × 120-ல் பாதி 5,400. மொத்தம் 13,800 சதுர அடி. சென்ட்டில் 31.68. முதல் கணக்குக்கும் இதற்கும் ஒரு சென்ட்டுக்கு மேல் வித்தியாசம்! அந்தச் சராசரி முறை நீள்சதுரத்துக்கு மட்டும்தான் சரி. மற்ற எந்த நாற்கரத்துக்கும் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். வாங்குகிறவன் தலையில்தான் அந்தக் கூடுதல் விழும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் சண்டை வருவதும் இந்த மாதிரி இடத்தில்தான்.

வட்டிக் கணக்கு. பைக் வாங்க 60,000 ரூபாய் கடன், 24 மாதம், "வெறும் 12 சதவீதம்தான்" என்கிறார்கள். பிளாட் வட்டி என்றால் இரண்டு வருடத்துக்கு வட்டி 14,400. மொத்தம் 74,400, மாதம் 3,100. ஆனால் நாம்தான் மாதாமாதம் அசலையும் கட்டிக்கொண்டே வருகிறோமே? குறைந்துவருகிற அசலுக்கு 12 சதவீதம் என்றால் எவ்வளவு? கருவியில் 1.01-க்கு 24 அடுக்கு எடுங்கள்: 1.2697. சேமித்து வையுங்கள், 'ஏ' என்று வைத்துக்கொள்வோம். பிறகு 60000 × 0.01 × ஏ ÷ (ஏ − 1). அடைப்புக்குறி மறக்கக்கூடாது. விடை 2,824 ரூபாய். மாதம் 276 ரூபாய் வித்தியாசம். இரண்டு வருடத்தில் 6,600 ரூபாய்க்கு மேல். அதாவது 12 என்று சொன்ன வட்டி உண்மையில் 21.5 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஊரில் "மூணு ரூபா வட்டி" என்கிறோமே, அது வருடத்துக்கு 36. கட்டாத வட்டியை மாதாமாதம் அசலோடு சேர்த்தால் 1.03-க்கு 12 அடுக்கு, 1.4258, வருடத்துக்கு 42.58 சதவீதம். கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்த நாலு பொத்தானை அழுத்தத் தெரிந்த ஒரு ஆள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். நம் மகளிர் குழுக்களில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்! தாயி, நீங்களே இதைக் கற்றுக்கொள்ளலாம்.

நம் ஊர் நெசவாளிக்கு இது புதிதே அல்ல. ஒரு பவுண்டு நூலில் 840 கெஜம் கொண்ட சிட்டம் எத்தனை இருக்கிறதோ அதுதான் நூலின் நம்பர். அறுபதாம் நம்பர் என்றால் அறுபது சிட்டம். நம்பர் கூடினால் நூல் மெலியும் என்கிற தலைகீழ்க் கணக்கைப் பள்ளிக்கூடம் போகாத பாட்டியும் சொல்லும். கணக்கு நம் ரத்தத்தில் இருக்கிறது. கருவிதான் நம் கைக்கு வரவில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிய செலவில்லை. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் நாற்பது கருவி கொண்ட ஒரு பெட்டி. அது யாருக்கும் சொந்தமில்லை. மேப், குளோப் மாதிரி பள்ளிச் சொத்து. ஒன்பதாம் வகுப்பில் முக்கோணவியல் நடக்கும்போது வெளியே எடுக்க வேண்டும். அட்டவணையைப் பார்த்து ஒரு முறை, கருவியில் ஒரு முறை. வகுப்புக்கு வெளியே ஒரு பனைமரத்தின் உயரம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மரத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்று, கோணமானியில் நூலும் கல்லும் கட்டிப் பார்த்தால் கோணம் கிடைத்துவிடும். 35 பாகை என்றால் 30 × டேன் 35, 21 மீட்டர். பார்க்கிறவன் கண் உயரம் ஒன்றரை மீட்டரையும் சேர்த்தால் இருபத்திரண்டரை. ஒரு முறை இப்படிச் செய்த பிள்ளை டேன் என்றால் என்ன என்று மறக்காது. லேப்டாப்பும் சைக்கிளும் கொடுத்த அரசுக்கு இது பாரமில்லை. பாலிடெக்னிக்கில், கல்லூரியில் வேலை பார்க்கிற என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் வகுப்பில் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். "இது யாருக்குத் தெரியாது?" என்று கேட்காதீர்கள், எவனும் கை தூக்க மாட்டான். "எல்லாரும் சைன் 30 அடிங்க" என்று சொல்லிவிட்டு, வரிசை வரிசையாக நடந்து பாருங்கள்.

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டுமா? படிப்பு முடித்து வேலைக்குப் போய்விட்டவர்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள். சென்னை, திருப்பூர், சிங்கப்பூர், துபாய் என்று எங்கெங்கோ இருக்கிறீர்கள். உங்கள் பழைய கால்குலேட்டர் வீட்டில் ஏதோ ஒரு பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கும். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது எடுத்து வாருங்கள். பேட்டரி போய்விட்டால் மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் படித்த பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்துக் கையில் கொடுங்கள். முடிந்தால் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மேலே சொன்ன ஏழையும் சொல்லிக்கொடுங்கள். நானும் வருகிறேன். முழங்கால் வலிதான், நாற்காலி போட்டால் உட்கார்ந்துகொள்வேன்.

வாத்தியார் பதிவு என்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் இருக்குமா? மூன்று கணக்கு. முதலில் உத்தேசம் எழுதிவிட்டுப் பிறகு கருவியைத் தொடுங்கள்.

1. முக்கோண வடிவப் புஞ்சை. பக்கங்கள் 200, 210, 290 அடி. எத்தனை சென்ட்?

2. ஒரு லட்சம் ரூபாய், மாதம் 1 சதவீதம் குறைந்துவரும் வட்டி, 36 மாதம். மாதத் தவணை எவ்வளவு?

3. சைன் 45-ஐயும் காஸ் 45-ஐயும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டினால் என்ன வரும்? கருவியை ரேடியனுக்கு மாற்றி அதையே போட்டால் என்ன வரும்? ஏன்?

விடையைக் கீழே எழுதுங்கள். பெரியவர்களும் எழுதலாம், மார்க்கு குறைக்க மாட்டேன். மூன்றாவது கணக்கின் கடைசிக் கேள்விக்கு மட்டும் பிள்ளைகளே பதில் சொல்லட்டும். அப்பா அம்மா வாயைத் திறக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் சார்